குறைத்த ஐம்பதும் கூட்டிய ஐம்பதும்

அந்தக் கோடையில் புங்குடுதீவில் எங்கள் அயலுக்குக் குடிக்கத்தக்க தண்ணீர் ஒரே கிணற்றில்தான் இருந்தது. ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டு குடம் என்பது வழக்கம். தண்ணீர் இறங்கியபோது கிணற்றுச் சபை எல்லோருடைய பங்கையும் ஐம்பது வீதம், அதாவது பாதி, குறைத்தது. வீட்டுக்கு வீடு ஆள்தொகை வேறு என்பதால் வீதத்தில் சொல்வதே நியாயம் என்று நினைத்தார்கள். மழை பெய்து கிணறு ஊறியதும், குறைத்த ஐம்பது வீதத்தைக் கூட்டிவிட்டோம், இனிப் பழையபடி என்று அறிவித்தார்கள்.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞர். காலையில் பஸ், மாலையில் பஸ், இடையில் நாள் முழுதும் கோடுகள். ஒரு மாலை இறங்கி வரும்போது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீடுகளுக்குப் போகும் ஒழுங்கையில் நின்றார்.

"பிள்ளை, பழையபடி எண்டினம். நாலு பேருக்கு எட்டுக் குடம் வரவேணும். ஆறோடை வாளியை வாங்கிப்போடுகினம்."

அவருடைய பசு கன்று ஈன்றிருந்தது. கேணியின் உவர்த் தண்ணீரை அது குடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மாடு வாங்க ஆள் வருது. எட்டு வந்தால் வேண்டாம் எண்டுவன்."

எட்டில் பாதி குறைந்தால் நான்கு. நான்கில் பாதி இரண்டுதான், கூட்டினால் ஆறு. குறைத்தது பெரிய தொகையில் பாதி, கூட்டியது சின்னத் தொகையில் பாதி. நடந்துகொண்டிருக்கும்போதே கணக்கு விளங்கிவிட்டது. அதைப் போய்ச் சொல்ல வேண்டுமே என்பதுதான் களைப்பாக இருந்தது.

சபைத் தலைவர் கிணற்றுக்கட்டில் இருந்தார்.

"ஐயா, பழைய அளவுக்கு வரவேணுமெண்டால், கோடையிலை தந்த பங்கிலை நூறு வீதம் கூட்டவேணும்."

தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்தார். "நூறு வீதமோ? பிறகு கிணத்தையும் தூக்கிக்கொண்டு போங்கோ."

"ஐம்பது எடுத்தனாங்கள், ஐம்பது குடுத்தனாங்கள்," என்றார் தலைவர். "நீர் கோடு கீறுறனீர். கூட்டிக் கழிக்க எங்களுக்கும் ஏலும்."

வீதத்தை விட்டுவிட்டேன். "கோடைக்கு முன்னம் உங்கடை வீட்டுக்கு எத்தினை குடம்?"

"பன்னிரண்டு."

"இப்ப?"

அவர் யோசித்தார். வரிசையில் நின்ற அவருடைய மனைவி சொன்னார்: "ஒன்பது. நான் மூண்டு நாளாச் சொல்லுறன், நீங்கள்தான் காதிலை எடுக்கேல்லை."

தலைவர் கிணற்றுக்கட்டை விட்டு எழுந்தார். பிறகு, "அப்ப நீரே எல்லா வீட்டுக்கும் பாத்துச் சொல்லும்," என்றார்.

கைப்பையோடு அங்கேயே நின்று வீடு வீடாகச் சொன்னேன். ஆள்தொகையை இரண்டால் பெருக்குவது கடினமில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்குவதுதான் கடினம். சிலர் கடைசிவரை நம்பவில்லை. ஆனால் குடம் கூடியதால் பேசாமல் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் பஸ்ஸுக்குப் போகையில் அக்கா தன் வீட்டு வாசல் படலையடியில் மாடு வாங்க வந்தவரோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, இப்ப குடுக்கிறேல்லை."

மாடு வாளிக்குள்ளிருந்து முகத்தை எடுக்கவில்லை. அன்றைக்கும் எனக்கு பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லை.