மாடிக்குப் போன இறைச்சி

துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலை அது. அதன் கேன்டீனில் பத்தொன்பது வருடமாகத் தலைமைச் சமையல் பார்த்தவளை எல்லோரும் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கரண்டி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. நானூறு பேருக்குச் சமைப்பாள். எவனாவது தட்டில் மீதி வைத்தால், "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுவாள். சாப்பாட்டு வரிசையில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு கோடையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வாரத்தில் ஐந்து நாளும் போடுகிற ஆட்டிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் ஒரே நாளாகக் குறைக்க வேண்டும் என்றார். ஆடு மாடு விடுகிற ஏப்பத்தில் வரும் வாயு பூமியைச் சூடாக்குகிறது, அவற்றின் தீவனத்துக்காகக் காடு அழிகிறது என்று படம் காட்டினார்.

"மாடு ஏப்பம் விட்டா வெயில் கூடுமா சார்?" என்று சிரித்துவிட்டு வந்தவள், சாயங்காலம் கல்லூரியில் படிக்கும் மகளிடம் கேட்டாள். மகள் சிரிக்கவில்லை. "ஒரு மாடு இல்லம்மா, கோடிக்கணக்கான மாடு" என்றாள். அந்த வாரம்தான் அடுப்படி வெக்கையில் பாத்திரம் கழுவுகிறவள் மயங்கி விழுந்திருந்தாள். கரண்டியக்காவின் மனதில் அதுவும் இதுவும் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாடியிலயுமா சார்?"

மாடியில் அதிகாரிகள் ஆறு பேருக்குத் தனிச் சாப்பாட்டு அறை உண்டு.

"மேல கீழ எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதாம்மா. நான்தான் முதல் ஆள்."

அந்த வார்த்தையை அவள் அப்படியே வரிசைக்குக் கொண்டுபோனாள். வெல்டிங் பகுதியின் மீசைக்காரர்தான் முதலில் முறைத்தார். "ஏன்க்கா, பூமி சூடாவுறது எங்க வாயாலதானா? மாடியில என்ன சாப்பிடுறாங்க?"

"நீங்க சாப்பிடுறதைத்தான். என்னை நம்புங்கண்ணே."

நம்பினார்கள். நாக்கு செத்துப்போச்சு என்று புலம்பிக்கொண்டே நம்பினார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. காளானை மிளகு போட்டு வதக்கினாள். கொண்டைக்கடலையை விதவிதமாகச் சமைத்துப் பார்த்தாள். சுட்ட கத்தரிக்காயை மசித்த நாளில் மீசைக்காரரே இரண்டாம் முறை தட்டை நீட்டினார். மாடிக்கு அனுப்பிய பாத்திரங்கள் தினமும் காலியாகத் திரும்பின. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டிலும் அதே சட்டம். கணவன் மேனேஜரின் கார் டிரைவர். இறைச்சி இல்லாமல் சோறு இறங்காத மனிதன், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துப் போனான். "இன்னிக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று சாயங்காலம் கேட்டால், "அருமை" என்பான். இருபத்தேழு வருடத்தில் இப்படிச் சொன்னவனே இல்லை. தனக்காக மாறிவிட்டான் என்று பூரித்துப்போனாள்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மதியம் கேன்டீன் சாமான் அறையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாடியில் கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டுவிட்டது. பிளம்பரைக் கூட்டிக்கொண்டு அவளே ஏறிப்போனாள்.

பிளம்பர் குழாயைக் கழற்றியதும் வெள்ளைக் கொழுப்பு கட்டிகட்டியாக விழுந்தது. நடுவே எலும்புத் துண்டுகள்.

"அக்கா, காளானுக்கு எலும்பு கிடையாதே" என்றார் அவர்.

மூலையில் குப்பைத் தொட்டி. மேலே ஏதோ ஹோட்டலின் காகிதப் பெட்டிகள், சப்பி எறிந்த எலும்புகள். அடியில் அவள் முந்தைய நாள் மாடிக்கு அனுப்பிய கடலை, தொட்டுக்கூடப் பார்க்காமல். அதற்குப் பக்கத்தில் முருங்கைக்கீரையும் பருப்பும். அதைக் கேன்டீனில் சமைக்கவில்லை. கணவனுக்கென்று விடியற்காலையில் எழுந்து வீட்டில் சமைத்தது.

அவள் குனிந்தபடியே நின்றாள். பின்பக்கப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் சூடான பொட்டலங்களோடு கணவன் வந்தான்.

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து" என்றான். பொய் சொல்லக்கூட அவனுக்கு நேரம் இல்லை. "சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. டிரைவருக்கு வாய் ஏது?"

"அவருக்கு டிரைவர். எனக்கு யாரு நீங்க? தினமும் கேட்டேனே! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என் சோத்தையே இல்ல மறைச்சிருக்கீங்க."

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

சத்தம் கேட்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார். கொஞ்சமும் பதறவில்லை. "நானூறு பேர் குறைச்சதுதாம்மா பெரிய விஷயம். ஆறு பேர் சாப்பிட்டு உலகம் உருகிடாது."

கணக்கு சரிதான். அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

நேராக இறங்கி வந்தாள். வரிசை நின்றுகொண்டிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்டதைக் கண்டபடி சொன்னாள். திட்டு மாடிக்குத்தான் போகும் என்று நினைத்தாள். யாரும் மாடியைப் பார்க்கவில்லை.

"வாங்கிட்டு வந்தது உன் வீட்டுக்காரர். உனக்குத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார்.

அவள் மீசைக்காரரைப் பார்த்தாள். அவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த வாரமே ஐந்து நாளும் இறைச்சி திரும்பிவிட்டது. "தொழிலாளர்கள் ஒத்துழைக்காததால் திட்டம் கைவிடப்படுகிறது" என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அவள் சமைத்தாள், பரிமாறினாள். மீதி வைத்தவர்களை மிரட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

தன் தட்டில் அவள் இறைச்சியைச் சேர்க்கவே இல்லை. "அவங்கதான் ஏமாத்திட்டாங்களே, உனக்கு என்ன பிடிவாதம்?" என்று மகள் கேட்டாள். "சொன்னவன் பொய்யன். சொன்ன விஷயம் பொய்யில்லையே" என்றாள்.

கணவனுக்குச் சாப்பாடு கட்டுவதை நிறுத்தியிருந்தாள். இரண்டு மாதம் கழித்து அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நானும் விட்டுட்டேன். சத்தியமா. சார் கூப்பிட்டாலும் கார்லயே உக்காந்துக்கறேன்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மை சொல்கிற முகமாகத்தான் இருந்தது. "அருமை" என்று சொன்னபோதும் இதே முகம்தான். நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. எதைக் கொண்டு நம்புவது என்றுதான் தெரியவில்லை. சோற்றுப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினாள். "போட்டுக்கங்க" என்றாள்.