சிஸ்டர் கேட்ட வெந்நீர்

காரமடைக்குப் போகும் வழியில் என் வேன் கொதித்து நின்றது. நானோ பீளமேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். பக்கத்தில் மனைவி வேறு. என்னுடைய அதே மாடல் கான்வென்ட் வேனை ஓட்டி வந்த கன்னியாஸ்திரி ஒருவர் இறங்கி வந்து, ரேடியேட்டர் ஓஸைத் தொட்டுப் பார்த்தார். அது சில்லென்றிருந்தது.

“தெர்மோஸ்டாட் தொறக்கலைங்க” என்றார். இஞ்சின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு அது.

“கழட்டி வீசிட்டு ஓட்டிக்கலாங்க சிஸ்டர். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் பண்ணுவேன்.”

“அப்பறம் இஞ்சின் சூடே புடிக்காதுங்களே!”

வண்டி ஆறியதும், ஓஸ் இஞ்சினில் சேரும் இடத்தில் இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, டீக்கடை வெந்நீரில் போட்டார். அசையவில்லை. தன் வேனில் வைத்திருந்த புதியதைப் போட்டார்; மெல்ல வாய் திறந்தது. அதையே மாட்டினார். என் மனைவி என்னை ஒருநாளும் அப்படி வியந்து பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம் ஒரு வாடிக்கையாளர் முன்னால் நானும் வெந்நீர் கேட்டேன்.

“இதெல்லாம் ஆருங்க சொல்லிக் குடுத்தது?” என்றார்.

“இருவது வருச அனுபவமுங்க” என்றேன்.