மூக்குப் பக்கம் நகர்ந்த ஈயம்

ஷெல்டன் ஊர் மர மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற வேலை ரஸ் ஹெக்கிலாவுக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. பத்து விரலும் இன்னும் முழுசாக இருக்கின்றன. அந்த மில்லில் அதற்கே ஒரு மரியாதை உண்டு. ஆள் பேச்சு குறைவு. பேசினாலும் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். இடது தாடையில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்தத் தகடு எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். இருபத்தாறு வயதில் அவன் ஹைட்ரோ படகு ஓட்டினான். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கிற தட்டைப் படகு அது. முன்னால் இரண்டு பக்கத்துக் கட்டைகளும் பின்னால் சுற்றுகிற விசிறியும் மட்டுந்தான் தண்ணீரில் படும். மீதியெல்லாம் காற்றின் மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்க்காற்று அடியில் புகுந்து அவனைப் படகோடு தூக்கிக் குப்புறப் போட்டது.

ஊருக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. தாடை ஆறியதும் மறுபடி படகில் ஏறி முழங்கால் போட்டான். எஞ்சினைக் கிளப்பாமலே இறங்கினான். படகை விற்றுவிட்டு, வீடு வாங்க வேண்டும், அதனால் விற்றேன் என்று எல்லாரிடமும் சொன்னான். பெண்டாட்டி டானெட்டிடமும் அதையேதான் சொன்னான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் கோரா வந்து பிறந்தாள். பத்து வயது. அறுபது பவுண்ட் எடை. ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு, மில்லில் கூட வேலை பார்க்கிற மெர்ல் வீட்டுக்குப் போனபோது, அவன் கொட்டகையில் மகனுடைய பழைய சின்னப் படகு சுவரில் சாய்ந்து நின்றது. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பந்தயம் விடுகிற வகை.

"அப்பா, இதுல உக்காரலாமா?"

"உக்காரக் கூடாது. முழங்கால் போடணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப முழங்கால் போடலாமா?"

மெர்ல் சிரித்தான். "வசமா மாட்டினியா ஹெக்கிலா! தூக்கிட்டுப் போ. என் பையன் வளந்துட்டான், இனிமே இதுல அவன் கால்கூட நுழையாது."

சின்னப் பிள்ளை பந்தயத்துக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டானெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தினமும் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆளுக்கு எது எப்படி உடையும் என்று தெரியும். காகிதத்தைச் சமையல் மேஜையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ வேகம் போகும்?"

"நாப்பத்தஞ்சு மைல்."

"என் பஸ்ஸை அந்த வேகத்துல ஓட்டினா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"எஞ்சின்ல மூச்சை அடைச்சு வச்சிருப்பாங்க. அதுக்கு மேல போகாது."

"நீ ஓட்டினவன், அதனால கேக்குறேன். உனக்குப் பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம்" என்றான் ரஸ்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் பேனாவை எடுத்தாள்.

ஏப்ரல் மாதம் ஐந்து சனிக்கிழமை பழகினார்கள். படகும் பிள்ளையும் சேர்ந்து இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. கோரா பஞ்சு மாதிரி. அதனால் நாற்பது பவுண்ட் ஈயம் ஏற்ற வேண்டி வந்தது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்னால் வைத்தால் படகின் மூக்கு லேசாகி எழும்பும், படகு பறக்கும். முன்னால் வைத்தால் மூக்கு தண்ணீரோடு ஒட்டி ஓடும். ரஸ் ஒவ்வொரு வாரமும் கட்டிகளை அரை அங்குலம் ஒரு அங்குலம் என்று நகர்த்தி, முழங்கால் மெத்தைக்குப் பின்னால் சரியான இடம் கண்டு போல்ட் போட்டான். ஐந்தாவது சனிக்கிழமை அந்தப் பிள்ளை திருப்பத்துக்குப் போட்ட மிதவைகளைச் சுற்றிவிட்டு வந்த வேகத்தில், கரையில் நின்றவர்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

மே மாதம் கேட்லின் ஏரியில் முதல் பந்தயம். காலையில் போய் இறங்கும்போதே தென்மேற்கிலிருந்து காற்று. ஏரி முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பு. அன்றைக்கு ரஸ்ஸைத் தூக்கிப் போட்டதும் இதே திசைக் காற்றுதான்.

எட்டரை மணிக்கு ஓட்டுகிறவர்களை எல்லாம் கூடாரத்துக்குக் கூப்பிட்டு விதி சொல்வார்கள். கோராவும் டானெட்டும் அங்கே போனார்கள். ரஸ் படகோடு தனியாக நின்றான். ஒரு நிமிஷந்தான் நின்றான். பிறகு ஸ்பேனரை எடுத்து, பின்னாலிருந்த ஈயத்தில் இருபது பவுண்டைக் கழற்றி, மூக்குக்குள் கொண்டுபோய் இறுக்கினான். மொத்த எடை அப்படியேதான் இருக்கிறது. எந்தத் தராசும் கண்டுபிடிக்காது. மூக்கு கனமாக இருந்தால் காற்று தூக்காது. கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, முழுசாக வந்தால் போதும்.

மூக்கு கனத்தால் அலையில் குத்தும், திருப்பத்தில் படகு சொன்ன பேச்சுக் கேட்காது. இதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்த அந்த ஒன்றை மட்டும் அந்த அரை மணி நேரம் அவன் மனதுக்குள் வரவிடவில்லை.

"என்ன ஹெக்கிலா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வேர்த்து நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே மெர்ல் போனான்.

"குளிருது" என்றான் ரஸ்.

அன்றைக்கு இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் மூன்று சுற்று. ஓட்டுவது ஐந்து பிள்ளைகள். ரஸ் இடுப்புத் தண்ணீரில் நின்று படகின் வாலைத் தூக்கிப் பிடித்தான். கோரா ஆரஞ்சு ஹெல்மெட்டுக்குள் காணாமல் போயிருந்தாள். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கிளப்புக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் கத்தியது. வாலை இறக்கித் தள்ளிவிட்டான்.

இந்தப் பந்தயத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கிடையாது. நடுவர் மேடையில் ஒரு பெரிய கடிகாரம், ஒரே முள். கடைசி ஒரு நிமிஷம் முள் சுற்றி வரும்போது படகுகள் எல்லாம் பின்னால் வட்டமடித்து, வேகம் பிடித்து, கோட்டை நோக்கி ஓடி வரும். முள் உச்சியைத் தொட்ட பிறகு கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு இமைப்பொழுது முந்தித் தாண்டினாலும் அந்த ஓட்டம் கணக்கில் கிடையாது.

கோரா பிந்தித்தான் தாண்டினாள். ரஸ்ஸுக்கு அது நிம்மதியாக இருந்தது. முதல் திருப்பத்தில் படகு அகலமாகப் போனது. அவள் சக்கரத்தை ஒடிக்கிறாள், மூக்கு வரமாட்டேன் என்கிறது.

"என்ன ஆச்சு உன் படகுக்கு?" என்றான் மெர்ல். "எருமை மாடு மாதிரி உழுதுட்டுப் போகுது. ஏப்ரல்ல இப்படி இல்லையே?"

ரஸ் கண் படகை விட்டு நகரவில்லை.

இரண்டாவது சுற்று, மூன்றாவது மிதவை. முன்னால் போன படகு கிளப்பிவிட்ட அலை குறுக்கே வந்தது. கோராவின் படகு அதன் மேல் ஏறவில்லை, உள்ளே குத்தியது. மூக்கு மறைந்தது. வால் சரக்கென்று சுழன்றது. ஆரஞ்சு ஹெல்மெட்டோடு கோரா படகை விட்டுக் காற்றில் போய்த் தண்ணீரில் விழுந்தாள்.

எஞ்சின் உடனே நின்றுவிட்டது. அதற்குத்தான் உடம்போடு கயிறு கட்டி வைத்திருப்பது. சிவப்புக் கொடி காட்டினார்கள். தண்ணீரில் விழுந்தவர் நன்றாக இருந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கை வரவில்லை. மீட்புப் படகு பாய்ந்தது. ரஸ் தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்தான். நெஞ்சு வரை போனதும் கால் தரை தட்டவில்லை. பின்னால் டானெட் கரையோரம் ஓடி வந்தாள்.

பிறகு ஒரு சின்னக் கை மேலே வந்தது. பாதி வந்து விழுந்தது. மறுபடி வந்தது.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவ ஆள் கழுத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், விரலை எண்ணச் சொன்னார். தோளில் ஒரு கன்றிப் போன அடி, அவ்வளவுதான். முதல் தடவை தண்ணீரில் விழுந்து எழுந்து வருகிற பிள்ளைக்குக் கரையில் எல்லாரும் கை தட்டுவார்கள். தட்டினார்கள். கோரா அதைக் கேட்டு உடைந்து அழுதாள்.

"சக்கரத்த ஒடிச்சேன்மா. நிஜமா ஒடிச்சேன். எனக்கு ஓட்டத் தெரியல. மத்தவங்க எல்லாம் திரும்புனாங்க, எனக்கு மட்டும் வரல. படகை வித்துருங்க."

"சரிடி கண்ணு, வித்துரலாம்" என்றாள் டானெட். போர்வைக்குள் அவளை இறுக்கிக்கொண்டு, தலைக்கு மேலாக ரஸ்ஸைப் பார்த்தாள். பல வாரம் கழித்து அவள் முகத்தின் இறுக்கம் அன்றைக்குத்தான் தளர்ந்தது.

மெர்ல் படகைக் கரைக்கு இழுத்து வந்தான். பெரிய சேதமில்லை. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்ற ரஸ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கயிற்றை இழுத்தான். ஓட்டை வழியாக ஏரித் தண்ணீர் பீறிட்டது. இழுத்தான், மறுபடி இழுத்தான். எஞ்சின் காய்ந்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். படகு விற்றுப் போகும், டானெட் தூங்குவாள், பிள்ளைக்கு இனி ஒரு ஆபத்தும் இல்லை. அவன் கேட்டது இதுதானே? ஆனால் அந்தப் பிள்ளை தனக்கு ஓட்டத் தெரியாது என்று நம்பிக்கொண்டே வளரும். இருபது வருஷம் கழித்து யாரிடமாவது, "சின்ன வயசுல ஓட்டினேன், சரியா வரல" என்று சொல்லும். அது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் இவன்.

எழுந்து போனான். மடக்கு நாற்காலியில் அம்மாவும் மகளும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள்.

"கோரா, நீ சரியாத்தான் ஓட்டின."

"சும்மா சொல்லாதப்பா."

"படகுதான் திரும்பல. ஈயத்த நான் மூக்குக்கு மாத்திட்டேன். காலைல. நீ கூடாரத்துல இருந்தப்ப."

மெர்ல் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கடிக்காமல் நிறுத்தினான். "எவ்வளவு?"

"இருவது பவுண்ட்."

"யோவ், உனக்கு மூளை கழண்டுபோச்சா?"

"எதுக்குப்பா?" என்றாள் கோரா.

ரஸ் தரையைப் பார்த்தான். "எனக்குப் பயம். அன்னைக்கு விழுந்ததுல இருந்தே. வீட்டுக்காக ஒண்ணும் படகை விக்கல. பயந்துதான் வித்தேன்."

டானெட் போர்வையை விலக்கிவிட்டு எழுந்தாள். "பயமில்லன்னு சொன்ன. மேஜையில உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன. நான் அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்."

"உனக்குப் பயம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். அத விட்டுட்டு, உன் பயத்தக் கொண்டுபோய் அவ படகுல ஏத்திருக்க."

கோரா அழுகையை எப்போதோ நிறுத்தியிருந்தாள். அவனையே பார்த்தாள். ஒரு பிள்ளை அப்பனை அப்படிப் பார்ப்பது நல்லதில்லை.

"எங்கிட்ட கேட்டியா நீ?"

"இல்ல."

"ஸ்பேனர் எங்க?"

அவளே படகுக்குள் தலையை விட்டாள். போல்ட் அவள் பலத்துக்குக் கழலவில்லை. ரஸ் கை நீட்டினான். அவள் தோளால் தள்ளினாள். மெர்லும் நகரவில்லை. ஒரு போல்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய துளையில் வைத்தாள். கடைசித் திருகை மட்டும் மெர்லைக் கூப்பிட்டு இறுக்கச் சொன்னாள்.

"ரெண்டாவது ஓட்டத்துக்கு நான் போறேன்" என்றாள். "அப்பா புடிக்க வேண்டாம். அம்மா புடிக்கட்டும்."

"நான் வித்துரலாம்னு சொன்னேன்" என்றாள் டானெட்.

"நீ சொன்னப்ப எனக்கு ஓட்டத் தெரியாது. இப்பத் தெரியும்."

டானெட் மருத்துவ ஆளைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். ஏரியைப் பார்த்தாள். காற்று அப்படியேதான் இருந்தது. பிறகு ஷூவைக் கழற்றினாள். ஜீன்ஸோடு இடுப்பு வரை இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு வாலைப் பிடித்தாள். மெர்ல் பக்கத்தில் நின்று கயிறு இழுத்தான்.

ரஸ்ஸுக்குக் கரையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். முள் கீழே இறங்கி மேலே ஏறியது. ஐந்து படகும் திரும்பிக் கோட்டைப் பார்த்து வந்தன. விழுந்து எழுந்த பிள்ளை பின்தங்கித்தான் வரும்; எல்லாரும் அப்படித்தான் வருவார்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் கோரா வேகத்தைக் குறைக்கவில்லை. மூக்கு எழும்பி நின்றது. மற்ற நான்கையும் தாண்டி முன்னால் வந்தாள்.

"குறைடி, குறை, சீக்கிரமா வர்ற..." என்று ரஸ் முணுமுணுத்தான்.

குறைக்கவில்லை. முள் உச்சிக்கு வருவதற்குள் கோடு அவளுக்குப் பின்னால் போய்விட்டது.

அது தெரியாமல் மூன்று சுற்றும் ஓட்டினாள். மூன்றாவது மிதவையில் எதிர் அலை வந்தது. படகு அதன் மேல் ஏறி இறங்கியது. ரஸ் மூச்சு விட்டது அதற்குப் பிறகுதான். இரண்டாவதாக வந்தாள். ஒலிபெருக்கியில் அவள் எண்ணைச் சொல்லி, முந்திப் புறப்பட்டதால் ஓட்டம் செல்லாது என்றார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அப்பா, "அடடா, பாவம்" என்றான். ரஸ் அவனைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் நகர்ந்து போனான்.

பயந்த பிள்ளை முந்தாது. அது போதும் ரஸ்ஸுக்கு.

கோரா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள். கோபம் இன்னும் போகவில்லை.

"எவ்ளோ முந்திட்டேன்?"

"அரை செகண்டு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

டானெட் உதடு நீலமாகி, ஜீன்ஸில் தண்ணீர் சொட்ட வந்து டிரக்கின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதவை மூடவில்லை.

"அடுத்த சனிக்கிழமையும் பந்தயம் இருக்காமே" என்று உள்ளிருந்தே சொன்னாள். "இனிமே அந்தப் படகுல ஒரு திருகு நகந்தாலும் எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றான் ரஸ்.

கோரா ட்ரெய்லர் கம்பியில் உட்கார்ந்து ஈரக் கையுறையைப் பிழிந்தாள்.

"நீ அன்னைக்கு எப்படி விழுந்த?" என்று கேட்டாள். "ஊர்ல சொல்ற மாதிரி சொல்லாத. நடந்ததச் சொல்லு."

ரஸ் அவள் பக்கத்தில் உட்காரலாமா என்று ஒரு தடவை பார்த்தான். அவள் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். உட்கார்ந்தான்.

"காத்து இந்தப் பக்கத்துல இருந்துதான் வந்துச்சு" என்று ஆரம்பித்தான்.