களப்பு வரம்பில் ஒரு வளை

உப்புநீர்க் களப்போரம் புல் மண்டிய சதுப்பில் கிடந்த அகழான் எலிகள், சென்ற சிறுபோக நெற்செய்கையின்போது என் வயலுக்கு வந்துவிட்டன. நண்டு, நத்தை என்று எதையும் தின்னும் பிராணிகள்தான். ஆனாலும் பயிர் குடலைப் பருவத்துக்கு வந்ததும் அடியோடு நறுக்கி, உள்ளிருந்த இளங்கதிரைத் தின்றன.

வெறி பிடித்தவன் போல வளைகளுக்குள் வைக்கோல் புகை போட்டேன். அவை வாய்க்காலை நீந்திக் கடந்து, என்னை மரியாதையாகக் 'காக்கா' என்று கூப்பிடும் பக்கத்து வயல்காரர் வேலாயுதம் அண்ணனின் வயலுக்குள் ஓடின. பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

நாலாம் நாள் காலையில், மிஞ்சிய ஒரு வளையை மண்வெட்டியால் வெட்டினேன். அது இருந்தது களப்புத் தண்ணீரைத் தடுக்கும் மண்வரம்பில். வளை மறுபக்கம் வரை போயிருக்கும் என்று யோசிக்கவில்லை. உப்புத் தண்ணீர் பீறிட்டது. அள்ளிப் போட்ட மண்ணெல்லாம் கரைந்து போனது.

"யா அல்லாஹ்! ஆராவது வாங்களேன்!"

ஓடி வந்தவர் வேலாயுதம் அண்ணன்தான். ஒன்றும் கேட்காமல் உடைப்புக்குள் இறங்கி, தண்ணீருக்கு முதுகைக் கொடுத்துக் குந்திக்கொண்டார்.

"என்னப் பாக்காம மண்ணப் போடுங்க காக்கா!"

கை மரத்துப்போகும் வரை போட்டேன்.

"அண்ணே, தண்ணி நிண்டுட்டு. ஏறுங்க."

ஏறியவர் என் பயிரைப் பார்த்தார். "எண்ட வயல மூணு நாளா எலி வெட்டி முடிச்சிட்டு காக்கா. எங்கயிருந்து வந்திச்சோ தெரியா. உங்கடயாவது மிஞ்சட்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஓம் அண்ணே" என்று மட்டும்தான் வாயில் வந்தது. இன்றும் அந்த வரம்பால் போகும்போது, அவர் குந்தியிருந்த இடத்தை மிதிக்காமல் தாண்டித்தான் நடக்கிறேன்.