பறக்கும் செக்கு

போன வாரம் எங்கள் செஞ்சி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. தேர்தல் சமயம். ஒரு தலைவர் வந்தார், பத்து நிமிஷம் பேசினார், கிளம்பினார். என்ன பேசினார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்ததெல்லாம் தலைக்கு மேலே சுற்றிய இறக்கையைத்தான். ஊர்ப் புழுதி மொத்தமும் எழும்பி என் வேட்டியில் வந்து உட்கார்ந்தது. கூடவே எரிந்த பெட்ரோல் வாசனையும் வந்ததா, அறுபத்தெட்டு வயதில் எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும் விட்டேன். பக்கத்திலிருந்தவர் நீங்களும் நம்ம கட்சியா என்று கேட்டார்.

இந்த ஹெலிகாப்டரால் ஒருமுறை என் கல்யாணமே நின்று போனது அவருக்கு எப்படித் தெரியும்?

யுத்த காலத்தில் நான் பர்மாவில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தேன். பெரிய வீரன் என்று எண்ணிவிட வேண்டாம், ஸ்ட்ரெச்சர் தூக்கினவன். காட்டில் அடிபட்டவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் நடந்தால், தூக்குகிறவர்களில் இரண்டு பேர் காய்ச்சலில் விழுவார்கள். அப்படி ஓர் ஆற்றங்கரையில் நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தபோது, காலில் குண்டு பாய்ந்து கிடந்த ஒருவன், "இன்னாபா, தண்ணி இருக்குதா?" என்றான். அந்த 'இன்னா'வைக் கேட்டதும் ஊருக்கே போய்விட்டது போலிருந்தது. பெயர் ஏழுமலை, திண்டிவனம் பக்கம். பிழைத்தால் அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் வருகிறேன் என்று அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தான். நானோ என் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அவன் கையில் சுற்றினேன். யாருடைய சாமி யாருக்கு என்று பார்க்க அங்கே நேரமில்லை.

மறுநாள் காலை அமெரிக்கக்காரர்களின் ஹெலிகாப்டர் வந்தது. ஆற்றின் நடுவே நெற்களம் அளவுக்கு ஒரு மணல்திட்டு, அவ்வளவுதான் இடம். ஓடுபாதை ஒன்றும் கேட்காமல் நேராக இறங்கியது. ஓட்டுகிறவனோடு ஒரே ஓர் ஆளைத்தான் தூக்கும். வெயில் ஏறிவிட்டால் எஞ்சின் சூடாகி அதுவும் முடியாது. அதனால் அவசர அவசரமாக ஏழுமலையை உள்ளே வைத்தேன். அது நேராக மேலே எழும்பி, கொஞ்ச நேரம் ஆகாசத்தில் அப்படியே நின்று, பிறகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போயிற்று. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவன் பிழைத்தானா இல்லையா என்று தெரியாமலே யுத்தம் முடிந்தது.

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற வேலை கிடைத்தது. வல்லத்தில் சவரிமுத்து என்கிற விவசாயியின் மகள் சலேத்தைப் பேசி முடித்தார்கள். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பது. முதல் ஓலை வாசித்த அன்று, கோவில் வாசலில் யுத்தக் கதை கேட்டார்கள். வாய் சும்மா இருந்தால்தானே! ஹெலிகாப்டரைப் பற்றிச் சொன்னேன். யாருக்கும் விளங்கவில்லை. கடலை விளைகிற சீமையாயிற்றே என்று, செக்கில் மரம் சுற்றுகிற மாதிரி தலைக்குமேல் ஒன்று சுற்றும், வண்டி நேராக மேலே கிளம்பி ஆகாசத்தில் அப்படியே நிற்கும் என்று விளக்கினேன். நான் செய்த தப்பு அதுதான்.

"மாட்ட எங்க கட்டுவாங்க?" என்றார் சவரிமுத்து.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரோஷத்தில், எங்கள் கோட்டை மலை ராஜகிரியின் உச்சியில்கூட அது இறங்கும் என்று சொல்லித் தொலைத்தேன். கோட்டை ராஜாவின் குதிரை மலைவிட்டு மலை தாண்டியதில் இந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. என் ஹெலிகாப்டர் மட்டும் புளுகு.

சவரிமுத்து சிரிப்போடு விடவில்லை. விதைக்கடலை வாங்கினால் மூட்டையின் நடுவில் கையை விட்டு எடுத்து உடைத்துப் பார்க்கிற மனுஷர். ஏழைக்குக் கொடுப்பேன், பொய் சொல்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி இரண்டாவது ஓலையை நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் எனக்குப் 'பறக்கும் செக்கு' என்று பெயராயிற்று. புண்ணுக்குக் கட்டுப் போட வருகிறவன்கூட மாடு சௌக்கியமா என்று விசாரித்தான். நான் அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். சலேத்தை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கிருந்த ஒரே சாட்சி ஏழுமலை. உயிரோடு இருந்தால் அமாவாசைக்கு மேல்மலையனூர் போவான், செஞ்சி வழியாகத்தான் போக வேண்டும். அமாவாசைதோறும் லீவு சொல்லிவிட்டு பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்கள் அவை. இறங்குகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பேன். வேதக்காரனுக்கு அமாவாசையில் என்ன ஜோலி என்று கோவில் உபதேசியார் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

நாலாவது அமாவாசையில் ஒருவன் இடது காலை இழுத்துக்கொண்டு இறங்கினான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். முதலில் திருடன் என்று உதறினான். பர்மா என்று சொன்னதும் அவனும் அழ ஆரம்பித்துவிட்டான்.

சவரிமுத்து அன்று கடலை மண்டியில் இருந்தார். அவனை நேரே அங்கே கூட்டிப் போனேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னை சோடா வாங்கிவரச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று விலக்குகிறார், நடுமூட்டையில் கை போய்விட்டது என்று புரிந்தது. சோடாவோடு ஓடி வந்தால் ஏழுமலை சொல்லிக்கொண்டிருக்கிறான்: "வண்டிய நான் எங்க பாத்தேன்? பயத்துல கண்ண மூடிக்கினு இருந்தேன்."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"கண்ண மூடினா வயிறு சும்மா இருக்குமா?" என்றார் சவரிமுத்து. "வயித்துக்கு எப்படி இருந்துச்சி, அத்தச் சொல்லு."

"கெணத்துல தண்ணிச் சால் ஏறாப்பல நேரா ஏறிச்சி. அப்புறம் முன்னாலயும் போவல, கீழயும் வரல. அங்கியே நின்னுச்சி. எறக்கி வுட்டுடு தாயேன்னு கும்புட்டேன்."

கோவில் வாசலில் நான் சொன்னதும் அதுவேதான். ஏழுமலை மடியை அவிழ்த்தான். குங்குமப் பொட்டலத்தோடு என் ஜெபமாலை. ஆத்தா உண்டியலில் போட நினைத்தானாம், அது அவளுடையது இல்லையே என்று வைத்திருந்தானாம்.

சவரிமுத்து சோடாவைத் தொடவில்லை. அதை ஏழுமலையிடம் தள்ளிவிட்டு, "பொண்ணு குடுக்கறேன்" என்றார். "ஆனா மலமேல எறங்கும்னு சொன்ன பாரு, அத்த என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது நான் திரும்பிச் சபை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தேன். போன வாரம் வந்த தலைவர்கூட அப்படிப் பார்க்கவில்லை. கல்யாணப் பந்தியில் முதல் இலை ஏழுமலைக்கு.

அவனும், மலைமேல் அது இறங்கிப் பார்க்காமலே சவரிமுத்துவும் போய் வெகுநாளாயிற்று. கரி பஸ் போயிற்று, அந்தக் கடலை மண்டி போயிற்று, செக்கு ஒன்றுகூட இல்லை. போன வாரம் அந்த ஹெலிகாப்டர் கிளம்பியதும் ராஜகிரிப் பக்கம் திரும்பி, உச்சிக்கு மேலே போய் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. வீட்டு வாசலில் நின்ற சலேத் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாளாம்.

"இப்ப எங்க நைனா இருந்திருக்கணும்," என்றாள், நான் வீடு திரும்பியதும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்ல அப்போதே மைதானத்தில் ஆள் தேடினேன், யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் கிரிக்கெட் ஆட ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்து, அது மலை உச்சியில்கூட இறங்கும் தெரியுமா என்றேன்.

"எறங்கும் தாத்தா. அதுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டுப் பந்து போடப் போனான்.