சிங்கத்தின் இடது காது

ஆர்மிதா தெஸ்ஸரீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் ஆத்ரியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்கு முந்தின நாள் ரொட்டியைப் போடச் சொன்ன நகராட்சி அதிகாரியைக் கரண்டியும் கையுமாக வாசல் வரை துரத்தியவள். பிரசங்கத்தின் நடுவே எழுந்து பாதிரியாரைத் திருத்தியவள். பொல்லாதவள் என்று பெயர். அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை.

ஆனால் யாரும் கோபத்தோடு பிறப்பதில்லை. ஆர்மிதாவின் கோபத்துக்கு ஒரு தேதி உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, வெரோனா நகரத்தில் சான் கஸ்ஸியானோ கோயில் முகப்பில் கட்டியிருந்த சாரத்திலிருந்து அவள் புருஷன் எல்வியோ விழுந்தான். கல் வேலைக்காரன். பழைய கோயில் கல்லைச் செப்பனிடப் போனவன். 'பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொள்ளாதது இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு' என்று விசாரணை அறிக்கை எழுதிவிட்டது. அந்த வரி அவளுக்கு மனப்பாடம். அடக்கத்தன்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆளு அஞ்சு பேரு, பெல்ட்டு ரெண்டுதான் அக்கா" என்று அழுத சக தொழிலாளி, விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. ஒப்பந்தக் கம்பெனி அனுப்பிய மலர்வளையத்தை ஆர்மிதா கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். இனி அந்த ஊர் மண்ணை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தாள். வெரோனா எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர்தான். இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சபதத்தை முறித்தது ஒரு துண்டுக் காகிதம். போன மார்ச் மாதம் ரொட்டிக் கடையில் ஒரு நோட்டீஸ் கட்டு கிடந்தது. 'வெரோனாவில் ஒரு முழு நாள்! பஸ், மதியச் சாப்பாடு, எல்லாருக்கும் பரிசு. பத்தே யூரோ.' கீழே ஒரு படம். ஆர்மிதா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். சான் கஸ்ஸியானோ. சாரம் இல்லாத, குளித்துத் தலைவாரிய சான் கஸ்ஸியானோ. முகப்பின் உச்சியில் வரிசையாகக் கல் சிங்கங்கள்.

எல்வியோ சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அந்தச் சிங்கங்களைப் பற்றித்தான் பேசுவான். "மூணாவது சிங்கத்துக்கு இடது காது இல்ல. நான்தான் செஞ்சு ஒட்டப்போறேன். கீழேருந்து பாத்தா எவனுக்கும் தெரியாது. புறாவுக்குத் தெரியும்." விழுவதற்கு முந்தின சனிக்கிழமை, காதை வைத்தாயிற்று என்று சொன்னான். அந்தக் காதை ஆர்மிதா பார்த்ததே இல்லை. நோட்டீஸ் படத்தில் சிங்கமே எள்ளளவுதான் இருந்தது. அன்றே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் காதைப் பார்க்க வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை.

நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். எல்லாம் பென்ஷன் வாங்குகிறவர்கள். ஆர்மிதாவின் பக்கத்து இருக்கையில் அடுத்த வீட்டு லொரேதானா. முன் இருக்கையில் சர்க்கரை ஆலையில் நாற்பது வருஷம் இயந்திரச் சத்தத்தைக் கேட்டுக் காதைத் தொலைத்த கிழவர் துயிலியோ. பஸ்ஸின் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி மிர்கோ நின்றான். முப்பது வயதிருக்கும். கையில் கம்பெனி பெயர் போட்ட பச்சைக் குடை.

"எல்லாரும் கேளுங்க. ஊருக்குள்ள போனதும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. இந்தப் பச்சைக் குடையை மட்டும் பாருங்க. குடை போற பக்கம் நீங்களும் வரணும். தொலைஞ்சு போனா நான் பொறுப்பில்ல."

"என்ன சொல்றான்?" என்றார் துயிலியோ. "சத்தமா சொல்லுப்பா."

"குடை பின்னாடி போகணுமாம்" என்று லொரேதானா அவர் காதில் கத்தினாள்.

"மழை பெய்யுதா?"

பஸ் வெரோனாவுக்குப் போகவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் பின்புறக் கூடத்துக்குப் போனது. இந்தப் பத்து யூரோப் பயணங்களில் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை அப்படி இருக்காது என்று நம்பி ஏறுவார்கள். கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன், டாக்டரைப் போல, மெத்தை விற்றான். காந்தம் வைத்த மெத்தையாம். முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாம் பறந்துவிடுமாம். கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் பேசினான். வயிறு காய்ந்த கிழவர்கள், எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. மரியாதை தெரிந்தவனைப் பார்த்துத்தான் இவர்கள் வலை விரிக்கிறார்கள்.

ஆறிய லசான்யாவைச் சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டரை. மெத்தைக்குக் கையெழுத்துப் போட்ட நாலு பேருக்கு ஆளுக்கொரு பன்றித்தொடை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஆர்மிதா நேரே வெள்ளைக் கோட்டுக்காரனிடம் போனாள். நோட்டீஸை மேசையில் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு? படி."

"அம்மா, பரிசு மெத்தை வாங்குறவங்களுக்குத்தான்..."

"எல்லாருக்கும்னு எழுதியிருக்கு. எனக்கு ரெண்டு கண்ணும் தெரியுது. ஒனக்குத்தான் தெரியலைன்னா காந்தத்தைக் கண்ணுல வச்சுக்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவன் முகம் சிவந்தது. மேசைக்கு அடியில் மிர்கோவின் குடையைப் போலவே இன்னொரு பச்சைக் குடை சாய்ந்து கிடந்தது. ஆர்மிதா அதை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அது கம்பெனி குடை."

"கம்பெனி பரிசுன்னா கம்பெனி சாமானாத்தான் இருக்கும்."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் உட்கார்ந்தாள். "ஒனக்கு வெக்கமே கிடையாதாடி?" என்றாள் லொரேதானா, தனக்கும் ஒன்று கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தில். "வெக்கப்பட்டுத்தான் மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம்" என்றாள் ஆர்மிதா.

பஸ் கிளம்பியதும் மிர்கோவிடம் போய் நோட்டீஸைக் காட்டினாள். "இந்தக் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போறோம்?"

அவன் படத்தைப் பார்த்தான். "இது லிஸ்ட்டுல இல்லம்மா. படம் சும்மா ஒரு அழகுக்கு. அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் கிடையாது. நமக்கு இருக்கறது ஒண்ணரை மணி நேரம். அரீனாவை வெளியிலேருந்து பாக்குறோம், பால்கனியைப் பாக்குறோம், அஞ்சு மணிக்கு பஸ்."

"மெத்தைக்கு மூணு மணி நேரம். ஊருக்கு ஒண்ணரை."

"நான் சம்பளத்துக்கு வேலை பாக்குறவன் அம்மா. என் மேல கோவப்படாதீங்க."

விசாரணையில் வாயடைத்து நின்றவனும் சம்பளக்காரன்தான். ஆர்மிதா நோட்டீஸை மடித்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். அவள் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று லொரேதானாவுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்குள் மிர்கோ ஓட்டமும் நடையுமாகப் போனான். பச்சைக் குடையை மடக்கியபடியே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். நாற்பத்தொரு பேரும் அதையே பார்த்துக்கொண்டு ஓடினார்கள். அரீனா என்ற பழைய வட்ட அரங்கம் வலது பக்கம் வந்து போனது. இரண்டாயிரம் வருஷக் கட்டடத்தைத் துயிலியோ பார்க்கவே இல்லை. குடை மறைந்துவிடுமோ என்ற பயம்.

பால்கனிக்குப் போகும் சந்தில் கூட்டம் நெரிந்தது. உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். காதல் நாடகம் ஒன்றின் கதையில் மட்டும் வாழ்ந்த ஒரு பெண் நின்றதாகச் சொல்லப்படும் பால்கனி அது. பிறக்காத பெண். சாகாத பெண். அவளுக்காகச் சுவரில் காதல் கடிதம் ஒட்டுகிறார்கள், சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆர்மிதா அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். மூன்று தெரு தள்ளி நிஜமாக ஒருவன் விழுந்து செத்தான், அவனுக்கு ஒரு சுண்டுவிரல் அகலப் பலகை உண்டா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே கொதித்தது.

அப்போது மிர்கோவின் போன் அடித்தது. மெத்தைக் கையெழுத்து விஷயம் போல. குடையைக் கீழே இறக்கிக்கொண்டு ஒரு கடை வாசலில் ஒதுங்கிப் பேசினான். மழை தூறத் தொடங்கியது. ஆர்மிதா தன் குடையை விரித்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வந்த வழியே நடந்தாள். வழி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விசாரணைக் காகிதத்தில் தெருப் பெயர் இருந்தது. ஊர் வரைபடத்தில் அந்தத் தெருவை அவள் எத்தனையோ தடவை விரலால் நடந்திருக்கிறாள். சதுக்கத்தைத் தாண்டி இடது பக்கம், இரண்டாவது தெரு, கிணற்றைக் கடந்தால் கோயில்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், குடை போற பக்கம் போகணும் என்ற ஒரே ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து நாற்பது பேர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவதைக் கண்டிருப்பாள்.

சான் கஸ்ஸியானோ முன்னால் ஒரு பூனைகூட இல்லை. ஆர்மிதா படிக்குக் கீழே நின்றாள். வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருந்தது. இந்தத் திருப்பணி ஒரு வங்கியின் தாராளத்தால் நடந்ததாம். மேயர் பெயர், ஆயர் பெயர், பொறியாளர் பெயர். எழுத்துக்குத் தங்க முலாம். கல்லைத் தொட்டவன் ஒருவன் பெயரும் இல்லை. அவள் கீழே தரையைப் பார்த்தாள். சாதாரணக் கல் பாவிய தரை, மழையில் நனைந்திருந்தது. பிறகு குடையைச் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சிங்கம் இருந்தது. காது தெரியவில்லை. வயசான கண்ணில் மழைத் தண்ணீர். இவ்வளவு தூரம் வந்தும் அந்தக் காது தெரியவில்லை.

"இங்க என்ன பாக்கணும்?" என்று முதுகுக்குப் பின்னால் துயிலியோவின் குரல் கேட்டது.

ஆர்மிதா திரும்பினாள். நாற்பது பேர். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் பார்த்த அதே இடத்தை.

"நீங்கள்லாம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"நீதானே குடையைப் புடிச்சுக்கிட்டு வந்த" என்றாள் லொரேதானா. பிறகு கோயிலை ஒருமுறை பார்த்தாள், ஆர்மிதாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அடக்கத்துக்கு வந்தவள் அவள். குரல் இறங்கியது. "இதுவா அந்தக் கோயில்?"

ஆர்மிதா தலையசைத்தாள். "மூணாவது சிங்கம். இடது காது. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

லொரேதானா போனை எடுத்தாள். மழைத் துளி பட்டு இரண்டு படம் வீணாயின. மூன்றாவதைப் பெரிதாக்கிக் காட்டினாள். சாம்பல் நிறச் சிங்கத்துக்கு வலது காது கறுத்து மழுங்கியிருந்தது. இடது காது சற்றே வெளுத்து, விளிம்பு கூராக, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. எல்வியோ எதைச் செய்தாலும் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துத்தான் செய்வான். வீட்டு அலமாரியும் அப்படித்தான் இருக்கிறது. ஆர்மிதா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அது? யாராவது சொல்லுங்கப்பா" என்றார் துயிலியோ.

"சொல்றேன்" என்றாள் ஆர்மிதா. படியில் இரண்டு ஏறினாள். "அந்தப் பலகையில மூணு பேரு பேரு இருக்கு. அதுல ஒருத்தனும் இந்தச் சாரத்துல ஏறினது கிடையாது. அந்தச் சிங்கத்துக்குக் காது வச்சது என் புருஷன். எல்வியோ தெஸ்ஸரீன். வச்ச மூணாம் நாள் அங்கேருந்து விழுந்தாரு. இதோ, நீங்க நிக்கிற எடத்துல."

முன்வரிசையில் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். யாரோ தொப்பியைக் கழற்றினார்கள்.

"அவரு கவனக்குறைவுன்னு எழுதினாங்க. பொய். ஆளு அஞ்சு பேரு. பெல்ட்டு ரெண்டு."

இருபத்திரண்டு வருஷமாக அவள் பாதிரியாரிடமும் அதிகாரியிடமும் கடைக்காரனிடமும் சண்டை போட்டதெல்லாம் இந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல இடம் கிடைக்காமல்தான்.

தெரு முனையிலிருந்து மிர்கோ ஓடி வந்தான். முழுக்க நனைந்திருந்தான். குடையை விரிக்கக்கூட மறந்திருந்தான். "என்ன பண்றீங்க எல்லாரும்? ஊரு முழுக்கத் தேடிட்டேன். டிரைவர் கத்துறான். இது லிஸ்ட்டுலயே இல்ல, இங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல?"

ஒருவரும் அசையவில்லை. துயிலியோ திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாயை மூடு தம்பி. வழிகாட்டி பேசிக்கிட்டிருக்காங்க."

பிறகு ஆர்மிதாவைப் பார்த்துக் கையைக் காதில் குவித்துக்கொண்டார். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல. முதல்லேருந்து சொல்லும்மா. சத்தமா."

ஆர்மிதா குடையை மடக்கினாள். அதன் முனையால் மேலே, மூன்றாவது சிங்கத்தைச் சுட்டிக் காட்டினாள். தெருக்கோடி வரை கேட்கும்படி, அவளுக்குக் கடவுள் கொடுத்த முழுத் தொண்டையையும் திறந்து, முதலிலிருந்து சொன்னாள்.

"எல்வியோ தெஸ்ஸரீன். ஆளு அஞ்சு பேரு. பெல்ட்டு ரெண்டு."