பென்சிலால் வெளுத்த முகங்கள்

போட்டோ பிடிக்கிறவன் பொய் சொல்ல வாயைத் திறக்கத் தேவையில்லை, கூரான பென்சில் ஒன்று போதும். தொழில் என்று சொல்லிக்கொண்டு செய்யக் கூடாததைச் செய்துவிட்டு, அப்புறம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்ட சகபாவிகளே! ஐம்பதுகளில் நான் விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கண்டமங்கலத்துப் பெண்

நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலை லேசாக ஓட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். சினிமா பார்த்துவிட்டு வந்து, அந்த ஹீரோயின் மாதிரி வேண்டும் என்று கேட்காத ஆளே கிடையாது. நானே அடுப்புக்கரி நிறம். என் கல்யாணப் போட்டோவைப் பார்த்தால் வெள்ளைக்காரன் கெட்டான் போங்கள்.

கண்டமங்கலத்திலிருந்து நிலபுலன் உள்ள ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப மகளைப் படம் எடுக்க அழைத்து வந்தார். லட்சணமான பெண். இருக்கிறபடியே நன்றாக வரும் என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷன் கேட்டால்தானே? "பொண்ணு கறுப்பா இருந்தா பரவால்ல தம்பி, போட்டோ கறுப்பா இருக்கக் கூடாது" என்றார்.

திருடன் வேஷம்

உள்ளூர் நாடகக் குழு நோட்டீசுக்குப் படம் எடுக்க வந்தது. திருடன் வேஷக்காரர் வரவில்லை. வேஷப் பெட்டியைத் தூக்கி வந்த ஏழுமலையைக் காட்டி, இவனே போதும், கரி பூசுகிற வேலை மிச்சம் என்றார் மேனேஜர். ஏழுமலை ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர், சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அப்போதெல்லாம் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். கையில் கத்தியைக் கொடுத்து, நன்றாக முறை என்று வேறு சொன்னேன். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

எடுத்து முடித்ததும் அவர் மெதுவாக என் பக்கம் வந்தார். "எம் பொண்ணு படிச்சிக்கினு இருக்குது சாமி, பள்ளிக்கூடத்தாண்ட மட்டும் இந்த நோட்டீஸ ஒட்டாம பாத்துக்குங்க" என்றார்.

அஞ்சலையின் போட்டோ

அந்த நோட்டீஸைப் பள்ளிக்கூட மதிலில்தான் வரிசையாக ஒட்டினார்கள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அப்படியும் இரண்டு வருஷம் கழித்து ஏழுமலை தன் மகள் அஞ்சலையை என்னிடமேதான் கூட்டி வந்தார். திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங் சேர மனுவில் போட்டோ ஒட்ட வேண்டுமாம். பழைய பாவத்தைக் கழிக்கிறேன் பேர்வழி என்று, அவர்கள் கேட்காமலே அந்த நெகட்டிவில் ஒரு மணி நேரம் பென்சில் போட்டேன். பிரிண்டில் பளிச்சென்று வேறு யாரோ இருந்தாள். எனக்கோ ஒரே பெருமை. மறுநாள் கடைசித் தேதி என்பதால் அஞ்சலை தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டு போனாள்.

இன்டர்வியூ அன்று வாசலில் இருந்த குமாஸ்தா போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆள்மாறாட்டம் என்று உள்ளே விடவில்லை. இவள்தான் அவள் என்று தலைமையாசிரியையிடம் கடிதம் வாங்க விழுப்புரத்துக்கு ஓடி வந்து, திரும்பிப் போவதற்குள் ஆள் சேர்த்து முடித்துவிட்டார்கள். ஒரு வருஷம் போச்சு.

அஞ்சலையே ஸ்டுடியோவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். கூனிக் குறுகி நின்றேன். அஞ்சலை மிச்சமிருந்த பிரதியை என் மேஜைமேல் வைத்தாள். "இந்தப் பொண்ணு போயிருந்தா சேத்துக்கினு இருப்பாங்க சார், போனது நானாச்சே" என்றாள்.

அன்றிலிருந்து, உள்ளது உள்ளபடி எடுக்கட்டுமா என்று வருகிறவர்களை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். பாதிப் பேர் என்னை முறைத்துவிட்டு எதிர் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள்.